லாகின் ஆனபிறகு என்ன நடக்கிறது? வாடிக்கையாளர் போர்ட்டலில் அனுமதி வேலை செய்யும் விதம்

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட், லாரி சர்வீஸ் என்று இருநூறு வாடிக்கையாளர்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்த காலம் போய், இப்போது ஆளுக்கொரு லாகின். ஆன்லைன் போர்ட்டலுக்குள் போனால் அவரவர் பில், அவரவர் ஜிஎஸ்டி கணக்கு, அவரவர் பேலன்ஸ் ஷீட்.

தன் கணக்குகள் தனியாக ஓர் இடத்தில் பத்திரமாக இருப்பதாகத்தான் வாடிக்கையாளர் நினைப்பார். பல மென்பொருட்களில் அப்படித் தனி இடம் எதுவும் கிடையாது. இருநூறு பேருடைய பில்களும் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துக் கிடக்கும். 1043ஆம் பில் உங்களுடையது என்றால் 1044 உங்கள் போட்டிக் கம்பெனியுடையதாக இருக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் 'யாருடையது' என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. உங்களுக்கும் போட்டியாளருக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு கட்டமும், அதைத் தவறாமல் பார்க்கும் நிரலும்தான். ஆளுக்கொரு தரவுத்தளம் வைக்கலாம், சிலர் வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் செலவும் பராமரிப்பும் இருநூறு மடங்காகப் பெருகப் பார்க்கும்.

பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டும் 'நீங்கள் யார்' என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அதோடு அவற்றின் வேலை முடிந்தது. இணையம் ஓடுகிற எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் சர்வருக்கு அது புதிய ஆள் கேட்கும் புதிய கோரிக்கைதான். அதனால் லாகின் ஆனதும் உங்கள் பிரவுசரிடம் ஒரு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். அதை ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசரே சேர்த்து அனுப்பும். டோக்கனைப் பார்த்து 'இவர் சாயப்பட்டறை கணக்காளர்' என்று சர்வர் புரிந்துகொள்ளும்.

சரி, ஆள் தெரிந்துவிட்டது. இனிமேல்தான் அனுமதி. அதில் இரண்டு கேள்விகள். இவர் பில் பார்க்கலாமா? இந்தக் குறிப்பிட்ட பில்லைப் பார்க்கலாமா? முதல் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் மறப்பதில்லை. இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 'எண் 1044 உள்ள பில்லை எடு' என்று நிரல் தரவுத்தளத்திடம் கேட்டால் போட்டிக் கம்பெனியின் பில் வரும். 'எண் 1044, உரிமையாளர் இந்தச் சாயப்பட்டறை, இரண்டும் பொருந்துகிற பில்லை எடு' என்று கேட்டால் எதுவும் வராது. வித்தியாசம் ஒரே ஒரு நிபந்தனை.

அந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா அனாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல், வீட்டுச் சொத்தின் உரிமைக்குக் காப்பீடு தரும் பெரிய நிறுவனம். வீடு வாங்குபவர், விற்பவர், கடன் தரும் வங்கி என எல்லாத் தரப்பு ஆவணங்களும் அங்கே வந்து சேரும். ஆவணத்தைப் பார்க்க ஒரு லிங்க் அனுப்புவார்கள். லிங்கில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்தவர் ஆவணம் திறந்தது, லாகின்கூடக் கேட்கவில்லை. 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இதை வெளியே கொண்டுவந்தபோது, 2003 வரை பின்னோக்கிப் போகும் சுமார் 88.5 கோடி பதிவுகள் இப்படித் திறந்து கிடந்தன. வங்கிக் கணக்கு எண், சமூகப் பாதுகாப்பு எண், அடமானப் பத்திரம் எல்லாம் அதில் அடக்கம். யாரும் எதையும் உடைக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு சில மாதங்களுக்கு முன்பே ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தும் மேலிடத்துக்குத் தகவல் போகவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் சொன்னது. அபராதம் 5 லட்சம் டாலருக்கும் கொஞ்சம் குறைவு. கிடந்த ஆவணங்களின் எண்ணிக்கைக்கு அது பெரிய தொகை என்று எனக்குத் தோன்றவில்லை.

இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு முக்கியமான பத்து ஆபத்துகளைப் பட்டியலிடும். 2021 பட்டியலில் அனுமதிச் சோதனைக் கோளாறு ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது.

எண்ணை யூகிக்க முடியாதபடி நீளமாக, தாறுமாறாக வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். யூகிப்பது கடினமாகும், உண்மைதான். ஆனால் லிங்க் வாட்ஸ்அப்பில் கைமாறும், பிரவுசர் வரலாற்றில் நிற்கும், பிரிண்ட் எடுத்த தாளின் அடியிலும் வந்து உட்காரும். அதேபோல 'அழி' என்ற பட்டனை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டால் அனுமதி கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது. பட்டன் இருப்பது அவருடைய பிரவுசரில். பட்டன் அனுப்பும் கோரிக்கையைக் கையாலேயே எழுதி அனுப்ப முடியும். சோதனை சர்வரில்தான் நடக்க வேண்டும். பட்டனை மறைப்பது பார்வைக்கு அழகு, அவ்வளவே.

இதற்கெல்லாம் அடியில் இருக்கிற கணக்கு பழசு. 1971இல் கணினி விஞ்ஞானி பட்லர் லாம்ப்சன் இதை ஓர் அட்டவணையாக எழுதினார்: இடப்பக்கம் ஆட்கள், மேலே பொருட்கள், சந்திக்கும் கட்டத்தில் 'படிக்கலாம்', 'எழுதலாம்' என்று அனுமதி. ஆயிரம் பயனர், பத்து லட்சம் பில் என்றால் நூறு கோடிக் கட்டங்கள், பெரும்பாலானவை காலி. முழுசாக யாரும் சேமிப்பதில்லை. செங்குத்தாக வெட்டினால் ஒவ்வொரு பொருளுக்கும் 'யாரெல்லாம் தொடலாம்' என்ற பட்டியல் கிடைக்கும். கிடையாக வெட்டினால் ஒவ்வொரு ஆளிடமும் இருக்க வேண்டிய சாவிக்கொத்து கிடைக்கும். பெரும்பாலான மென்பொருட்கள் இந்த இரண்டில் ஒன்றையோ கலவையையோதான் செய்கின்றன.

அலுவலகங்களுக்கு இரண்டுமே தலைவலி, ஏனென்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1992இல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோவும் கூனும் ஒரு வழி சொன்னார்கள்: அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, பொறுப்புக்குக் கொடு. 'உரிமையாளர்', 'கணக்காளர்', 'பார்வையாளர்' என்று மூன்று ரோல். புதிதாக ஆள் வந்தால் ரோலை மட்டும் ஒட்டினால் போதும். இன்று எந்த போர்ட்டலின் அட்மின் பக்கத்தைத் திறந்தாலும் இதுதான் கண்ணில் படும். ஆனால் நிஜ வாடிக்கையாளர் இந்த மூன்றுக்குள் அடங்க மாட்டார். பங்குதாரரின் மகன் பில் எல்லாம் பார்க்கலாம், சம்பளப் பட்டியல் மட்டும் கூடாது. வங்கி மேலாளருக்குப் போன வருட பேலன்ஸ் ஷீட் மட்டும், அதுவும் மார்ச் வரைக்கும்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோல் உண்டாக்கினால் கொஞ்ச நாளில் ஆட்களைவிட ரோல்கள் அதிகமாகிவிடும். கடைசியில் அட்மின் சலித்துப்போய், 'எதற்கு வம்பு' என்று எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடுவார். இதை நான் பொறியியல் சிக்கலாகப் பார்க்கவில்லை, களைப்பாகத்தான் பார்க்கிறேன். நல்ல மென்பொருள் புதியவருக்கு முதலில் எதுவும் தெரியாதபடி வைத்து, தேவைப்படுவதை மட்டும் திறக்கச் சொல்லும். கணினி விஞ்ஞானிகள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவைத்த விதி இது.

அப்புறம், பில் பக்கத்தில் சோதனை சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் கசியும். தேடல் பெட்டியில் 'மு' என்று தட்டினால் வந்து விழும் பெயர்ப் பரிந்துரைகள், எக்செல் பதிவிறக்கம், பிடிஎஃப் லிங்க், நினைவூட்டல் மின்னஞ்சல், 'மொத்தம் 4,812 பில்கள்' என்று மூலையில் காட்டும் எண். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள் வேறு வேறு மாதத்தில் எழுதியிருப்பார். அத்தனை பேரும் அந்த நிபந்தனையை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம். அதனால்தான் சோதனையைத் தரவுத்தளத்துக்குள்ளேயே இறக்கிவிடும் வசதி வந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இதை 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பில் சேர்த்தது: அட்டவணைக்கு ஒருமுறை விதி எழுதிவிட்டால், நிரல் எழுதியவர் மறந்தாலும் தரவுத்தளம் அடுத்தவர் வரிசைகளைத் தராது. நிரல் எந்த வாடிக்கையாளருக்காகக் கேட்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். விதிக்குக் கட்டுப்படாத அட்மின் கணக்கில் ஓடவும் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெரிய நிம்மதி.

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குவது இதையெல்லாம்விடச் சிரமம். சில வகை டோக்கன்களில் பெயரும் ரோலும் காலாவதி நேரமும் எழுதி, திருத்த முடியாதபடி மின் கையெழுத்து போட்டிருக்கும். சர்வர் கையெழுத்தை மட்டும் சரிபார்க்கும், தரவுத்தளத்தைத் தொடாது, அதனால் வேகம். அது பஸ் பாஸ் மாதிரி. டிப்போவில் பாஸை ரத்து செய்தாலும், தேதி முடியும்வரை கண்டக்டர் கண்ணுக்கு அது செல்லுபடியாகும் பாஸ்தான். கணக்காளர் காலையில் வேலையை விட்டார், அட்மின் உடனே நீக்கினார், ஆனாலும் மதியம்வரை அவர் பில்களைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். ஆயுளைச் சில நிமிடமாகக் குறைப்பது, ரத்தானவர்களின் பட்டியலைத் தனியாக வைத்துப் பார்ப்பது என்று இதற்கு வழிகள் உண்டு. இரண்டிலும் வேகம் கொஞ்சம் போகும்.

டிரைவ், காலண்டர், யூடியூப் ஆகியவற்றின் அனுமதிகளைக் கவனிக்கும் தன் ஜான்சிபார் அமைப்பைப் பற்றி 2019இல் கூகுள் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் இதே சிக்கலின் இன்னொரு முகம் வருகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'புதிய எதிரி'. ஒருவரை ஃபோல்டரிலிருந்து நீக்குகிறீர்கள். பிறகு அந்த ஃபோல்டரில் சம்பளப் பட்டியலைப் போடுகிறீர்கள். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்று இன்னும் பழைய பட்டியலை வைத்திருந்தால், நீக்கப்பட்டவர் புதிய கோப்பைப் பார்த்துவிடுவார். இதைத் தடுக்க, கோப்பு சேமிக்கப்படும் நேரத்தை ஒரு முத்திரையாகக் கூடவே வைத்து, அதைவிடப் பழைய பட்டியலைக் கொண்டு யாரும் சோதிக்கக் கூடாது என்று கட்டாயப்படுத்துகிறார்கள்.

மறுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'இந்தப் பில்லைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சொன்னால், அப்படி ஒரு பில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் உங்களுக்கு அனுமதியில்லாத தனியார் களஞ்சியத்தின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று அர்த்தம் தரும் 403 வராது, 'அப்படி ஒன்றும் இல்லை' என்று அர்த்தம் தரும் 404தான் வரும்.

உங்கள் அலுவலகம் புது போர்ட்டல் வாங்கும் யோசனையில் இருந்தால், டெமோவில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு போலி வாடிக்கையாளர்களை உருவாக்கி, இருவரையும் வெவ்வேறு பிரவுசரில் லாகின் செய்யுங்கள். ஒருவருடைய பில் லிங்கை நகலெடுத்து மற்றவர் பிரவுசரில் ஒட்டுங்கள். பிடிஎஃப் லிங்குக்கும் எக்செல் லிங்குக்கும் அதையே செய்யுங்கள். கடைசியாக, ஒருவரை அட்மின் பக்கத்தில் நீக்கிவிட்டு, அவருடைய பிரவுசரை மூடாமல் அடுத்த பில்லைச் சொடுக்குங்கள். விற்பனைப் பிரதிநிதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்யலாம்.