டாக்டர்கிட்ட நல்ல புள்ளையா நடிக்க வேணாம்

மன்னார்குடி பக்கம் சுகர் கிளினிக் வச்சிருக்கேன், இங்க அடிக்கடி பாக்குற ஒரு விஷயத்த சொல்லியே ஆகணும். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் சோத்தக் கொறச்சு, காப்பில சக்கரைய நிறுத்தி, ராத்திரி ரெண்டு இட்லியோட படுத்துட்டு காலைல வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுப்பாங்க, 118னு வந்ததும் மொகத்துல அவ்ளோ நிம்மதி. கூடவே எடுத்த எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகரக் காட்டுற டெஸ்டு, 9.4னு எகிறி நிக்கும். ரத்தத்துல இருக்குற சிவப்பணு சுமாரா 120 நாள் இருக்கும், அதுல ஒட்டுன சக்கரை ரெண்டு நாள் பத்தியத்துல போயிடாது, அதனால கடந்த ரெண்டு மூணு மாசக் கணக்கு அதுல தெரிஞ்சிடும்.

இதவிட எனக்குக் கவலை மாத்திரை விஷயத்துல சொல்ற பொய்தான். "ஒரு வேளை கூட தவறாது சார்"னாரு ஒரு விவசாயி. பக்கத்துல நின்ன அவரு சம்சாரம் ஒண்ணும் பேசாம மஞ்சப்பையிலேர்ந்து மாத்திரை அட்டைய எடுத்து மேசைல வச்சாங்க, ஓரத்துல நாலு மட்டும் பிரிச்சிருக்கு, மிச்சம் அப்படியே. குறுவை நடவு நேரம், விடிகாலையிலயே வயலுக்குப் போயிடுறாரு, சாப்பாடு வரப்புல, மாத்திரை வீட்ல. இத சொல்ல என்னங்கய்யா கூச்சம்னு கேட்டா, "கட்டுப்பாடு இல்லாத ஆளுன்னு நெனச்சுக்குவீங்கல்ல"ங்கறாரு.

அந்தக் கூச்சம்தான் ஆபத்து. ஒழுங்கா போட்டும் சுகர் கொறையலன்னு நம்பி டாக்டர் டோஸ ஏத்துவாரு, சுகர எறக்குற கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரைய கூட்டுவாரு, இன்சுலின் கூட எழுதுவாரு. அப்பறம் பொங்கலுக்கு வந்த மவன் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் வேளாவேளைக்கு குடுத்தா சுகர் 70க்கு கீழ போயி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சில பேருக்கு நெனவே தப்பிடும். (முழிச்சிருந்தா ஒடனே மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கிக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. நெனவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாம 108க்கு அடிங்க.)

உண்மைய சொன்னா வழி இருக்கு. அந்த விவசாயிக்கு ராத்திரி சாப்பாட்டோட ஒரே வேளை போடுற மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையா மாத்திக் குடுத்தாச்சு. கல்யாணப் பந்தில அசோகா அல்வாவப் பாத்தா கை நிக்கலையா, அதையும் சொல்லுங்க, அன்னைக்கு சோத்த எவ்ளோ கொறைக்கலாம்னு பேசிக்கலாம், ஆசப்படுறது மனுஷ சுபாவம், அதுக்கு யாரும் தலகுனிய வேணாம். வீட்ல உள்ளவங்களும் எங்க தொழில்ல உள்ளவங்களும் திட்டுறத விட்டாதான் உண்மை வெளிய வரும், இத நான் உறுதியா நம்புறேன்.

அடுத்த தடவை வரும்போது மிச்ச மாத்திரை அட்டைய அப்படியே கொண்டாங்க, தூக்கிப் போட்டுட்டு வராதீங்க. வீட்ல மெஷின்ல பாக்குறவங்க 260னு வந்த நாளையும் நோட்டுல எழுதுங்க, அன்னைக்கு என்ன சாப்ட்டீங்கன்னும் பக்கத்துலயே எழுதிடுங்க.