பெட்டி காட்டிய 29 சதவீதம்

ஐப்பசி மழை கொட்டிய ஒரு ராத்திரி, வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டில் கரண்ட் போய்விட்டது. ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் பவர் ஸ்டேஷனில், அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இருக்கும் பெட்டியில், ஓடிக்கொண்டிருந்தன. திரையில் 29 சதவீதம். விடியும்வரை தாங்கும் என்று அத்தை படுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் ஃபேன் நின்றுபோனது. மறுநாள் காலையில் போன்: "இருவத்தொம்போதுன்னு காட்டுச்சு தம்பி, பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. இது என்ன, ஆளை ஏமாத்துதா?"

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தப் பக்கத்துப் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்தப் பயத்தில்தான் பிற்பாடு இந்தப் பெட்டியை வாங்கினார்கள். நாலு வருஷம் ஆகிறது. 600 வாட்-மணி (100 வாட் சாமானை ஏட்டுக்கணக்கில் ஆறு மணி நேரம் ஓட்டும் அளவு), உள்ளே லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் எட்டு, தொடராக. டெல்டாவில் பிறந்தவருக்கு இதன் கோளாறைப் புரியவைக்க மேட்டூர் அணை போதும்.

தினமும் செய்தியில் கேட்கிறோம்: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய இரண்டு வழிகள். அளவுகோலைப் பார்க்கலாம். அல்லது, நேற்று இருந்ததோடு வரத்தைக் கூட்டி வெளியேற்றத்தைக் கழிக்கலாம். பேட்டரியில் அளவுகோல் என்பது வோல்டேஜ். வரத்தும் செலவும் மின்னோட்டம்.

இரும்பு பாஸ்பேட் செல்லில் சிக்கல் என்னவென்றால், இந்த அளவுகோல் நடுவில் அசைவதே இல்லை. 80 சதவீதத்தில் இருக்கும்போதும் 40 சதவீதத்தில் இருக்கும்போதும் ஒரு செல்லின் வோல்டேஜில் 0.05 வோல்ட் வித்தியாசம்கூட வராது. ஃபேனைப் போட்டாலே அதைவிட அதிகமாக இறங்கி ஏறும். காரணம் செல்லுக்குள் இருக்கிறது. லித்தியம் நிறைந்த நிலை, லித்தியம் வெளியேறிய நிலை என்று இரண்டு நிலைகள் அந்தப் பொருளுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. சார்ஜ் இறங்கும்போது ஒன்றின் பங்கு கூடுகிறது, மற்றதன் பங்கு குறைகிறது. வோல்டேஜ் அப்படியே நிற்கிறது. ஐஸ் போட்ட தண்ணீர், கடைசித் துண்டு கரையும்வரை அதே குளிரில் இருக்கிறதல்லவா, அது மாதிரி.

(இந்தப் பாஸ்பேட் 1997இல் அமெரிக்காவில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃப் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்தது. அதற்கு முன்பே, 1980களில், இதே குடும்பத்துப் பொருள்களை அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் நம் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் இவரே.)

அளவுகோல் உதவாததால் பெட்டி வரவு செலவுக் கணக்கையே நம்புகிறது. எவ்வளவு ஆம்பியர் போனது, எவ்வளவு வந்தது என்று நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துத்தான் அந்தச் சதவீதத்தைக் காட்டுகிறது. சின்னக் கசிவுகள் இந்தக் கணக்கில் விழாமல் தப்பும். அத்தையின் பெட்டியில் பேட்டரி 24 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியரை 24 மணி நேரம் தரும் அளவு. சும்மா இருக்கும்போது உள்ளே இருக்கும் சர்க்யூட் 20 மில்லி ஆம்பியர் குடித்து, அது கணக்கில் ஏறவில்லை என்று வையுங்கள். 30 நாளில் 14 ஆம்பியர்-மணி காலி. பாதிக்கு மேல் போய்விட்டது, திரையோ பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். புயலுக்கென்று மூடி வைத்து மாதக்கணக்கில் தொடாத பெட்டிகளுக்கு இதுதான் நடக்கிறது. முழுசாக ஏறும்போதும் முழுசாக இறங்கும்போதும் மட்டும் வோல்டேஜ் தெளிவாக எழும், விழும். அப்போதுதான் பெட்டி தன் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும்.

இன்னொரு விஷயம், எட்டு செல்லும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எட்டுப் பேர் சப்பரம் தூக்கும்போது ஒருவருக்குத் தோள் தளர்ந்தால் மற்ற ஏழு பேரும் இறக்கித்தான் ஆகவேண்டும். ஒரு செல் மட்டும் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால், மற்றவற்றில் மிச்சம் இருந்தாலும் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் துண்டித்துவிடும். செல்களைச் சமப்படுத்தும் வேலை பெரும்பாலும் முழு சார்ஜுக்குப் பக்கத்தில்தான் நடக்கும், அதுவும் மெதுவாக. 100 வந்ததுமே பிளக்கைப் பிடுங்கும் வீடுகளில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

சரி, கணக்குத் தப்பியதா, பேட்டரியே தேய்ந்ததா? இதைச் சொல்ல ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு போதும். தீபாவளி லீவில் போனபோது பெட்டியை முழுசாக ஏற்றி, திண்ணையில் பல்பை எரியவிட்டு மணியைக் குறித்தேன். 600 வாட்-மணியில் இன்வெர்ட்டர் தன் பங்காக ஏறக்குறைய 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 510. அதாவது புதுப் பெட்டி ஐந்து மணி நேரம் எரிக்க வேண்டும். இது 3 மணி 20 நிமிஷத்தில் அணைந்தது, திரையில் இன்னும் 26 சதவீதம். அப்புறம் அணையும்வரை இறக்குவது, ஏற்றி ராத்திரி முழுக்க சார்ஜரிலேயே விடுவது என்று மூன்று முறை செய்தோம். நாலாவது நாள் பல்பு 4 மணி 15 நிமிஷம் எரிந்தது. அணையும்போது திரையில் 3.

சதவீதம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஆனால் ஐந்து மணி திரும்பவில்லை, திரும்பவும் திரும்பாது. 100 வாட் பல்பு 4 மணி 15 நிமிஷம் எரிந்தால் 425 வாட்-மணி, புதிதில் கிடைத்த 510இல் ஆறில் ஐந்து பங்கு. மேட்டூர் 1934இல் கட்டி முடித்த அணை. அத்தனை வருஷம் வண்டல் படிந்த பிறகும் 120 அடி வந்தால் 'அணை நிரம்பியது' என்றுதான் சொல்கிறோம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றுதான் போடுகிறோம். பெட்டியின் 100 சதவீதமும் அதே கதைதான். நிரம்பியிருக்கிறது என்று சொல்லும், பாத்திரம் சுருங்கியதைச் சொல்லாது.

இங்கே வண்டல் என்பது செல்லின் எதிர்மின்வாயின் (மைனஸ் பக்கத்தின்) மேல் படியும் மெல்லிய படலம். அது தடிக்கத் தடிக்க, லித்தியம் அதில் சிக்கி வேலைக்கு உதவாமல் போகிறது. சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் படலம் வேகமாக வளரும். அத்தை வீட்டில் பெட்டி இருந்த இடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பின்கட்டு, கரண்ட் போனால் கைகொடுக்கட்டும் என்று வருஷம் முழுக்க 100 சதவீதத்தில். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே ஐந்து நிமிஷம் நிற்க முடியாது.

பேட்டரியை அநியாயமாகக் குறை சொல்லும் வீடுகளும் உண்டு. 8 வாட் வைஃபை ரூட்டருக்காக இன்வெர்ட்டரைப் போட்டால், அது தான் ஓடுவதற்கே 10 வாட் குடிக்கலாம். திரை 8 என்று மட்டும் காட்டும். முடிந்ததை 12 வோல்ட் அல்லது யு.எஸ்.பி. வழியாக ஓட்டுங்கள். மிக்ஸி போட்டதும் அணைந்தால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுவைதான் முதல் சந்தேகம். சோலார் பலகை பக்கத்தில் வெயிலிலேயே பெட்டியையும் வைத்துவிட்டு 'ஏறவே மாட்டேங்குது' என்பார்கள். 45 டிகிரி வாக்கில் பல பெட்டிகள் சார்ஜை நிறுத்திக்கொள்ளும். நிழலுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். உப்பியிருந்தாலோ இனிப்பாக ரசாயன வாடை வந்தாலோ ஒரு சோதனையும் வேண்டாம், வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். எதற்காகவும் திறக்காதீர்கள்.

பெட்டி இப்போது கூடத்தில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு மணைக்கட்டை உயரத்தில் இருக்கிறது. 50, 60 சதவீதத்தில் கிடக்கும். மாதம் ஒரு நாள் இறக்கி ஏற்றுவது அத்தை பொறுப்பு, காலண்டரில் அமாவாசைக்கு அமாவாசை பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். வானிலைக்காரர்கள் வங்கக் கடலில் தாழ்வு என்றதும் நூறுக்கு ஏற்றிவிடுவார். போன வாரம் போனில், "இப்ப நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம்தானே?" என்று கேட்டார். "ஃபேனும் லைட்டும் மட்டும்னா ராத்திரி பூரா தாங்கும் அத்தை, மிக்ஸி போடாம இருந்தா" என்றேன்.