ஆடிக்காற்றும் முன்னால் போகிறவர் முதுகும்

ஆடி பிறந்துவிட்டால் கோவையில் சைக்கிளை மேற்கே திருப்ப எல்லோருக்கும் தயக்கம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, எட்டிமடையைத் தாண்டியதும் நேராக நெஞ்சில் வந்து மோதும். அந்தப் பாதையில் வாளையாறு வரை ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தனியாகப் போனால் மணிக்கு 20 கி.மீ. வேகத்தைத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. அதே காற்றில் ஏழெட்டுப் பேராகப் போனால் 25ல் பேசிக்கொண்டே போகிறோம். இது கூட்டம் தரும் உற்சாகம்தானா, வேறு ஏதாவதா?"

உற்சாகக் கட்சி மிகப் பழைய கட்சி. 1898ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் டிரிப்லெட், சைக்கிள் பந்தயப் பதிவுகளைக் குடைந்து பார்த்தார். தனியாக ஓட்டியவர்களைவிட, முன்னால் ஒரு வண்டியை விட்டு அதன் பின்னால் ஓட்டியவர்கள் நல்ல வேகம். ஏன் என்று அன்றைக்குப் புழங்கிய விளக்கங்களை எல்லாம் வரிசையாக எழுதினார். முன்வண்டி பின்னால் வருபவரை உறிஞ்சி இழுக்கிறது. இல்லை, காற்றை மறைக்கிறது. இல்லை, துணைக்கு ஆள் இருப்பது தெம்பு. எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியலில் இன்னொன்று: முன்னால் சுழலும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனால் ஒருவித அறிதுயில் வந்து, தசைக்குக் கூடுதல் வலு கிடைக்குமாம்! அப்புறம் டிரிப்லெட் சிறுவர்களைக் கூப்பிட்டுத் தூண்டில் சக்கரங்களைச் சுற்றவைத்து, போட்டி இருந்தால் கை வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். சமூக உளவியலின் முதல் சோதனைகளில் ஒன்றாக அது இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மனசுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாளையாறு ரோட்டில் பெரிய பங்கு அவர் ஒதுக்கிவிட்டுப் போன காற்றுக்குத்தான்.

கணக்கை வேகமாகப் பார்த்துவிடுவோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எதிர்க்காற்று இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று, உங்கள் நெஞ்சுக்கு அது 40. காற்றில்லாத நாளைவிட இரண்டரை மடங்கு தடை. சமதளத்தில் 40ல் ஓட்டும் ஒருவரின் உழைப்பில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. டயரும் செயினும் தின்பது மிச்சம்தான்.

சரி, அந்தத் தடை எங்கிருந்து வருகிறது? முகத்தில் அடிக்கும் காற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். விஷயம் பாதிக்கு மேல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

குனிந்து ஓட்டும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள். தலையிலும் தோளிலும் மோதிய காற்று பிரிந்து, முதுகின் வளைவை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகிறது. இடுப்பு வரை சமாளிக்கிறது. அங்கே உடம்பு சட்டென்று கீழே இறங்குகிறது. தோலை உரசி உரசி வேகம் இழந்த காற்றுப் படலத்தால் அந்த இறக்கத்தைப் பின்பற்ற முடியாது. பிய்த்துக்கொண்டு நேரே போய்விடுகிறது. வெள்ளம் போகும் ஆற்றில் பாலத்தூணுக்குப் பின்னால் சுழியிட்டு நிற்கும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் விழுகிறது. முன்னால் அதிக அழுத்தம், பின்னால் குறைந்த அழுத்தம்: இந்த வித்தியாசம்தான் ஓட்டுபவரைப் பின்னுக்கு இழுக்கிறது.

இந்தப் பள்ளம் சும்மாவும் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஆள் உயரப் பொம்மையைக் காற்றுச்சுரங்கத்தில் சைக்கிளில் உட்காரவைத்து, பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அளந்தார்கள். இரண்டு தொடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்போது தடை குறைவு. ஒரு கால் கீழே நீண்டு மறு தொடை மேலே மடங்கும்போது, இடுப்பின் இருபக்கத்திலிருந்தும் பெரிய சுழல்கள் கிளம்பித் தடை சுமார் 20 சதவீதம் ஏறுகிறது. அதாவது ஒவ்வொரு மிதிக்கும் முதுகுக்குப் பின்னால் காற்று இடமும் வலமுமாகப் புரள்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் ரோட்டோரம் நின்று நாள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம்.

இந்தப் பள்ளத்துக்குள் சக்கரத்தை விடுவதுதான் டிராஃப்டிங். அங்கே இருக்கும் காற்று, முன்னால் போகிறவரோடு சேர்ந்து கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒட்டிப் போகும் இரண்டாவது ஆளின் நெஞ்சில் மோதுவது பலவீனமான காற்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடத் தடை குறையும்.

எனக்கு ஆசையான இடம் அடுத்தது. முன்னால் போகிறவருக்கும் லாபம் உண்டு! பின்னால் வருபவரின் முகத்துக்கு முன் அழுத்தம் கூடுகிறது இல்லையா, அது முன்னவரின் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்துவிடுகிறது. பின்னிழுப்பு 2, 3 சதவீதம் குறைகிறது. ஓசியில் வருகிறான் என்று நாம் திட்டும் ஆள், தெரியாமலேயே நமக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டுதான் வருகிறான்.

மாறி மாறி முன்னால் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024ன் இரண்டு பதிவுகள் போதும். மூடிய அரங்கத்தில் 4 கி.மீ. தூரத்தை இத்தாலியின் ஜொனாதன் மிலன் தனியாக 3 நிமிடம் 59.153 நொடியில் ஓட்டினார். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் நால்வர் அணி எடுத்துக்கொண்டது 3 நிமிடம் 40.730 நொடி. அப்போது இரண்டுமே உலகச் சாதனை.

பெரிய கூட்டம் என்றால் இன்னும் வேடிக்கை. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழு 121 பேர் கொண்ட பெலட்டானை, அதாவது பந்தயத்தில் ஒட்டி ஓட்டும் பெருங்கூட்டத்தை, கணினியில் சுமார் 300 கோடி கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டது. சிறு பொம்மைகளை வைத்துக் காற்றுச்சுரங்கத்திலும் சரிபார்த்தது. 2018ல் வந்த முடிவு: நடுவே, கொஞ்சம் பின்தள்ளி இருப்பவருக்குத் தனியாக ஓட்டுபவரின் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான். கூட்டம் 54 கி.மீ. வேகத்தில் பறக்கும், அவருக்கோ 12, 15ல் கடைக்குப் போகும் உழைப்பு.

பிளாக்கன் அடிப்படையில் கட்டடக்காரர். சாய்மழை சுவரில் எப்படி அடிக்கும் என்று ஆராய்ந்தவர். அந்தக் கணக்குமுறைதான் இங்கேயும் உதவியது. நம் ஊரில் சைக்கிள் காற்றுக்குப் பணம் கேட்டு ஒரு பேராசிரியர் விண்ணப்பித்தால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே சுழித்துவிடுவார்கள். கான்பூர் ஐஐடியில் நல்ல காற்றுச்சுரங்கம் இருக்கிறது. பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வதுதான் எனக்குப் புரியாத மூடநம்பிக்கை.

வாசகருக்கு ஓர் எச்சரிக்கை: இதே லாபத்துக்காக லாரிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். 2018ல் டெனிஸ் முல்லர்-கோரெனெக் என்ற பெண் மறைப்பு கட்டிய பந்தயக் காருக்குப் பின்னால் மணிக்கு 296 கி.மீ. வேகம் தொட்டார். உண்மைதான். ஆனால் அது யூட்டாவின் வெறும் உப்புத்தரை. வாளையாறு ரோட்டில் லாரி பிரேக் போட்டால் உங்களுக்குத் தெரிவது அதன் பின்கதவு மட்டுமே.

அப்படியென்றால் தனியாளுக்கு வழியே இல்லையா? 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களின் 137 கி.மீ. சாலைப் பந்தயம். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர், கொடி அசைந்ததுமே சிலரோடு கூட்டத்தைவிட்டுக் கிளம்பினார். சுமார் 41 கி.மீ. மிச்சமிருக்கையில், ககோசாகா கணவாய் ஏற்றத்தில், கடைசித் துணைகளான பிளிக்தாவையும் ஷபிராவையும் கழற்றிவிட்டார். இடம் பார்த்துத்தான் செய்திருக்கிறார். ஏற்றத்தில் வேகம் விழும், காற்றுத்தடையும் விழும். உழைப்பெல்லாம் எடையைத் தூக்கவே போவதால், பின்னால் ஒட்டியிருப்பவருக்கு மறைவால் பெரிய லாபமில்லை.

மிச்ச வேலையைக் கூட்டமே பார்த்துக்கொண்டது. முன்னால் போகிறவர்தான் அதிகம் செலவழிக்கிறார். தான் செலவழித்து எதிரிக்கு ஏன் பதக்கம் தரவேண்டும்? நால்வரை வைத்திருந்த நெதர்லாந்துதான் துரத்தட்டும் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோவும் கிடையாது. பிளிக்தாவும் ஷபிராவும் பிடிபட்டதும் முன்னால் யாருமில்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். கீசன்ஹோஃபர் கோட்டைத் தாண்டி 75 நொடி கழித்து வந்த நெதர்லாந்தின் அனமீக் வான் வ்லூட்டன், தங்கம் தனக்குத்தான் என்று கைகளை உயர்த்திக் கொண்டாடினார்.