இணைகோட்டுக்குச் சாய்வைத் தேட வேண்டுமா?

3 எக்ஸ் − 4 ஒய் + 12 = 0 என்ற கோட்டுக்கு இணையாக, (5, −2) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு வேண்டும். பழகிய வழியில் முதலில் ஒய்யைப் பிரித்தெடுப்போம்: ஒய் = ¾ எக்ஸ் + 3. சாய்வு ¾. இணைகோடுகளின் சாய்வு சமம், எனவே ஒய் + 2 = ¾ (எக்ஸ் − 5). இருபுறமும் 4ஆல் பெருக்கிச் சுருக்கினால் 3 எக்ஸ் − 4 ஒய் − 23 = 0.

விடை சரிதான். ஆனால் கேள்வியையும் விடையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 3, −4 என்ற கெழுக்கள் அசையவே இல்லை. மாறிலி மட்டும் மாறியிருக்கிறது. பின்னத்துக்குள் இறங்கி ஏறியதெல்லாம் வீண் வேலை. 3 எக்ஸ் − 4 ஒய் = க என்று எழுதிப் புள்ளியைப் பிரதியிட்டால், 15 + 8 = 23. முடிந்தது.

இது எப்படிச் சரியாகிறது? கோட்டின் மேல் 4 அலகு வலப்புறம் போனால் 3 அலகு மேலே ஏறுகிறோம். அப்போது 3 எக்ஸ் 12 கூடுகிறது, 4 ஒய்யும் 12 கூடுகிறது, கழித்தால் மாற்றமில்லை. அதனால் 3 எக்ஸ் − 4 ஒய்யின் மதிப்பு பழைய கோடு நெடுகிலும் −12, புதிய கோடு நெடுகிலும் 23. ஒரே புள்ளியில் இரண்டு மதிப்பு வராது என்பதால் கோடுகள் சந்திப்பதில்லை.

செங்குத்துக் கோட்டிலும் இந்த வழி தடுமாறாது. எக்ஸ் = 4 என்ற கோட்டுக்குச் சாய்வு கணக்கிடப் போனால் பூச்சியத்தால் வகுக்க நேரும். கெழு முறையில் (−1, 6) வழியே செல்லும் இணைகோடு நேரடியாக எக்ஸ் = −1.

பிழை பெரும்பாலும் குறியில்தான் வரும். −4 × −2 என்பதை −8 என்று எழுதிவிட்டால் மாறிலி 7 ஆகிவிடும். கிடைத்த சமன்பாட்டில் புள்ளியை மீண்டும் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். மாறிலி பழையபடியே −12 என்று வந்தால் அது பிழையல்ல: கொடுத்த புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது, தனியாக இணைகோடு இல்லை. 6 எக்ஸ் − 8 ஒய் + 24 = 0 என்பதும் அதே பழைய கோடுதான், இரண்டால் பெருக்கி வேடம் போட்டிருக்கிறது.

இடைவெளி கேட்டால் இன்னொரு பொறி உண்டு. இக்கோடுகள் ஒய் அச்சை 3, −5.75 ஆகிய இடங்களில் வெட்டுகின்றன. வித்தியாசம் 8.75, அது ஒய் அச்சின் திசையில் அளந்த தூரம், கோடுகளுக்குக் குறுக்கே நேராக அளக்கும் இடைவெளி அல்ல. கெழுக்கள் ஒன்றாக இருக்கும்போது மாறிலிகளின் வித்தியாசமான 35ஐ √(3² + 4²), அதாவது 5ஆல் வகுக்க வேண்டும். இடைவெளி 7 அலகு.