புயல் எச்சரிக்கையின் நான்கு நிலைகளும் வீட்டு மின்சாரமும்

மொரீசியஸில் நவம்பர் 1 முதல் மே 15 வரை புயல் காலம். வாக்குவாவிலுள்ள வானிலைத் துறை விடுக்கும் எச்சரிக்கைகளை 'கிளாஸ் ஒன்று', 'கிளாஸ் இரண்டு' என்று சொல்லிப் பழகிவிட்ட நம்மில் பலர், அந்த எண்கள் புயலின் வலிமையைக் காட்டுவதாக எண்ணுகிறோம். அவை காட்டுவது நமக்கு மிஞ்சியிருக்கும் நேரத்தை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகச் சூறைக்காற்று தீவைத் தாக்கக்கூடும் எனக் கருதப்படும் நேரத்துக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு முதல் நிலை அறிவிக்கப்படுகிறது. இரண்டாம் நிலை, அந்தக் காற்று வருவதற்கு முன் இயன்றவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படியும், மூன்றாம் நிலை 6 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படியும் விடுக்கப்படுகின்றன. அந்த வேகம் பதிவாகி, மேலும் தொடரும் என்றால் அது நான்காம் நிலை. மின்சாரம் தொடர்பான வெளிவேலைகளை முதல் இரண்டு நிலைகளிலேயே, வெளிச்சத்தில், முடித்துவிட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், புயல் காலத்தின் நடுவில் வருவதால், கோயில் நிர்வாகத்தினர் இதில் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். பந்தலின் இரும்புக் குழாய்களில் சுற்றிய விளக்குச் சரங்களை, முதலில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, முதல் நிலையிலேயே இறக்கிவிடுவது நல்லது. மின்கம்பியைத் தொடும் மரக்கிளையை நாமே வெட்டக் கூடாது. புயல் காலம் தொடங்கும் முன்பே மின்வாரியத்திடம் சொல்ல வேண்டும். பம்பு நின்றால் தண்ணீரும் நின்றுபோகும் வீடுகளில் தொட்டியை நிரப்பி வைக்கவேண்டும். கைப்பேசி, டார்ச், வானொலிக்கான பேட்டரி ஆகியவையும் தயாராக இருக்கட்டும். மெழுகுவர்த்தியைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள், தங்கள் மருந்து குளிர்பெட்டிக்கு வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பதை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். மின்சாரம் நின்றபின் திறக்காமல் வைத்த குளிர்பெட்டியில் உணவு ஏறத்தாழ 4 மணி நேரமும், நிறைந்த உறைபெட்டியில் 48 மணி நேரமும் கெடாமல் இருக்கும்.

மூன்றாம் நிலை வந்தபின் கூரைமேல் ஏறக் கூடாது. தொலைக்காட்சி, கணினி போன்றவற்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தாழ்வான பகுதிகளில் வெள்ளம் உள்ளே வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, தீவைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும்; அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அறுந்த கம்பியைப் பார்க்க அப்போது வெளியே போனவர் அந்தக் காற்றில் சிக்குவார்.

ஜெனரேட்டரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்கு அஞ்சி அதை வராந்தாவிலோ கார் கொட்டகையிலோ ஓடவிட்டால் உறங்குபவர்கள் எழாமலே போகலாம். ஆகவே காற்று தணிந்தபின், திறந்த வெளியில், சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி மட்டுமே ஓடவிடுங்கள். மற்றொரு தவறு, இருமுனையிலும் பிளக் பொருத்திய கம்பியால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்குடன் இணைப்பது. அப்போது வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் போய், மின்மாற்றியில் பின்னோக்கி ஏறி 22,000 வோல்ட்டாகிவிடக்கூடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர், நமக்காகவே நனைந்துகொண்டு வேலைசெய்யும் ஊழியர். வீட்டை வாரிய மின்சாரத்துடனோ ஜெனரேட்டருடனோ ஏதேனும் ஒன்றுடன் மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், தகுதிபெற்ற மின்பணியாளரால் பொருத்தப்பட்டு இல்லாவிட்டால், கருவிகளை நேரடியாக ஜெனரேட்டரிலேயே இணைக்கவேண்டும்.

எச்சரிக்கை விலக்கப்பட்டது என்றால், 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் ஆபத்து நீங்கிவிட்டது என்று மட்டுமே பொருள். தெருவில் கிடக்கும் கம்பியைப் பற்றி அந்த அறிவிப்பு எதுவும் சொல்வதில்லை. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம்வரை வீசிய தீவு இது. விழுந்த கம்பிகள் தகரக் கூரையிலும் கம்பிவேலியிலும் துணிக்கொடியிலும் சிக்கிக் கிடக்கலாம். எந்தக் கம்பியையும் மின்சாரம் பாய்வதாகவே கருதி 10 மீட்டர் விலகி நின்று, குழந்தைகளையும் விலக்கி, 130 என்ற எண்ணில் மத்திய மின்சார வாரியத்துக்குத் தெரிவியுங்கள். கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள், வெயில் பட்டால் உடைந்த தகட்டிலும் மின்சாரம் உண்டாகும் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் புகுந்த பிளக் பெட்டியையும் கருவியையும் மின்பணியாளர் சோதித்த பின்னரே மெயின் சுவிட்சைப் போடவேண்டும்.