காபி கப்பை விரித்தால் விசிறி

பேப்பர் கப் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டு ஒட்டை நகத்தால் நெம்பிப் பிரியுங்கள். அடிவட்டத்தைக் கழற்றி, விளிம்புச் சுருளை நீவிவிட்டு மேசைமேல் வையுங்கள். மேலும் கீழும் வளைந்த ஒரு விசிறி கிடைக்கும். கப் தொழிலில் இதை 'பிளாங்க்' என்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் முத்திரையும் போட்ட காபி கப் வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் செவ்வகத்தில் வரைந்த படத்தோடுதான் வருகிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விசிறியின் அளவைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். வாய் 70 மி.மீ., அடி 50 மி.மீ., சுவரின் சாய்வு நீளம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தளும்பத் தளும்ப ஊற்றினால் ஏறக்குறைய 210 மி.லி. பிடிக்கும். சாய்வு நீளத்தை வாய் விட்டத்தால் பெருக்கி, இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் மேல் வில்லின் ஆரம் வரும்: 80 × 70 ÷ 20 = 280 மி.மீ. அதே கணக்கில் கீழ் வில்லுக்கு 200 மி.மீ. விசிறி விரியும் கோணம் 180 × 20 ÷ 80, அதாவது 45 பாகை. இதோடு மேலே விளிம்புச் சுருளுக்குச் சுமார் 10 மி.மீ., கீழே அடிவட்டத்தைச் சுற்றி மடிக்க 8 மி.மீ., பக்க ஒட்டுக்கு 6 மி.மீ. சேர்க்க வேண்டும். சேர்த்த இந்தப் பகுதிகளில் எதுவும் அச்சிடக் கூடாது. ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

கூம்பை விரிக்கும்போது காகிதம் இழுபடுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே விசிறியில் வரைந்த வட்ட முத்திரை கப்பிலும் வட்டமாகவே நிற்கும். அதை நசுக்கியோ நீட்டியோ திருத்த வேண்டியதில்லை. மாறுவது கிடைக்கோடுதான். கப்பில் தரைக்கு இணையாக ஓடும் கோடு, விசிறியில் ஒரு வில். அந்த வில்லின் மையம் விசிறிக்கு வெளியே, வெகு கீழே இருக்கிறது. இதை மறந்து 100 மி.மீ. நீளப் பெயரை நேர்கோட்டில் அடுக்கினால் என்ன ஆகும்? சுவரின் நடுவில் வில்லின் ஆரம் 240 மி.மீ. பெயரின் முனை நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்கிறது. 240-இன் வர்க்கத்தோடு 50-இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 245. ஆக, கப்பைச் சுற்றியதும் இரு முனைகளும் 5 மி.மீ. மேலே ஏறி, நடு தொங்கிப்போகும். கடைசி எழுத்து 12 பாகை சாய்ந்து நிற்கும். பெயரின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி வில் வேண்டும். மையம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அடுத்த கேள்வி, எவ்வளவு அகலம் கண்ணுக்குத் தெரியும்? சுவரின் நடுவில் கப்பின் விட்டம் 60 மி.மீ., சுற்றளவு 188 மி.மீ. நேர் எதிரே நின்று பார்ப்பவருக்கு நடுவிலிருந்து இருபுறமும் 60 பாகை வரைதான் ஒழுங்காக வாசிக்க முடியும். அந்த எல்லையிலேயே எழுத்தின் அகலம் பாதியாகத் தோன்றும். ஆக, கிடைக்கும் இடம் சுமார் 63 மி.மீ. வடசென்னையில், மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 28 எழுத்துகள், நாலு இடைவெளிகள். ஒரே வரியில் அடக்கினால் எழுத்துக்கு 2 மி.மீ. கூடத் தேறாது. மூன்று வரியாக உடைத்தால் மிக நீளமான வரியில் 14 எழுத்துகள்தான் இருக்கும். எழுத்துக்கு 4 மி.மீ. கிடைக்கும்.

இந்தப் பெயரில் ஏழு புள்ளிகள் இருக்கின்றன. 2 மி.மீ. எழுத்தில் புள்ளியின் விட்டம் 0.3 மி.மீ. அளவுக்குத்தான் வரும். கப்புகளுக்கு அதிகம் பயன்படும் ஃபிளெக்சோ அச்சில் ரப்பர் போன்ற மிருதுவான தகடு காகிதத்தை அழுத்தும்போது மை ஓரங்களில் பிதுங்கிப் பரவும். புள்ளி பெருத்துக் கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தகட்டிலேயே அந்தச் சிறு மேடு நிற்காமல் அழிந்துபோகும். அச்சான கப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் 'ல்' என்பது தலையில் முடிச்சு விழுந்த 'ல' மாதிரி இருக்கும். 'ழ்' போன்ற எழுத்தில் கீழ்ச்சுழி அடைபட்டுக் கருந்திட்டாகத் தெரியும். ஆங்கில எழுத்துக்கு எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவைத் தமிழுக்கும் அப்படியே வைப்பதுதான் இதற்குக் காரணம். தமிழ் எழுத்தை 10 பாயிண்ட் அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் 12 வேண்டும். அங்கே மை உள்நோக்கிப் பரவிப் புள்ளியை விழுங்கிவிடும்.

முத்திரையை எங்கே வைப்பது? பக்க ஒட்டிலிருந்து இருபுறமும் 90 பாகை தள்ளி ஒன்று ஒன்றாக, இரண்டு இடத்தில். எந்தக் கையால் பிடித்தாலும் ஒன்று வெளியே தெரியும். ஒட்டைத் தாண்டிச் சுற்றி ஓடும் பட்டை, கோலம் எதுவும் வேண்டாம். விசிறி வடிவக் கத்தியான டை காகிதத்தை வெட்டும்போது 1 மி.மீ. நகர்வது சகஜம். அந்த ஒரு மில்லிமீட்டர் ஒட்டில் படிக்கட்டு மாதிரித் தெரிந்து மொத்த வேலையையும் மட்டமாகக் காட்டிவிடும். பட்டையை ஒட்டுக்கு இருபுறமும் 5 மி.மீ. முன்பே நிறுத்திவிட்டால், அது வேண்டுமென்றே விட்ட இடைவெளியாகத் தெரியும்.

இனி அச்சிடக் கூடாத பகுதிகள். மேல் விளிம்பில் உதடு படுகிறது. அங்கே மை வேண்டாம். பக்க ஒட்டிலும் அடிமடிப்பிலும் மை இருந்தால் ஒட்டுப் பிடிக்காது. கப் இயந்திரத்தில் தனிப் பசை கிடையாது. சூடான காற்று உட்பக்கப் பூச்சை இளக்குகிறது, பிடிப்பான் அழுத்துகிறது, இளகிய பூச்சு எதிர்ப்பக்கக் காகித இழைகளுக்குள் புகுந்து இறுகுகிறது. நடுவில் மைப்படலமோ வார்னிஷோ இருந்தால் பூச்சு அதன்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். காபி ஊற்றியதும் பிரியும்.

மையிலும் கவனம் வேண்டும். உணவுப் பொதிக்கான மை ஐஎஸ் 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதியிடல் விதி. வெளிப்பக்கம்தானே அச்சு என்று நினைக்க வேண்டாம். பிளாங்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒன்றின் வெளிப்பக்கம் அடுத்ததன் உட்பக்கத்தைத் தொடுகிறது. சரியாகக் காயாத மை அப்படியே ஒட்டி, காபி படும் இடத்துக்குப் போய்விடும். கப் முழுக்க அடர்நிறம் பூசாமல் ஒன்றிரண்டு நிறத்தோடு நிறுத்துவது இதனால்தான் நல்லது.

காகிதத்துக்கு வருவோம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் பளபளவென்று அடித்துவிடலாம் என்று தோன்றும். அது கப்புக்கு ஆகாது. கப் காகிதம் புது மரக்கூழில் செய்தது. வெட்டிய ஓரத்தின் வழியே திரவம் ஏறாதபடி கூழிலேயே மருந்து சேர்த்திருப்பார்கள். இது ஏன் முக்கியம் என்றால், கப்பின் உள்ளே பக்க ஒட்டின் நெடுக ஒரு வெட்டு ஓரம் பூச்சில்லாமல் காபியில் நனைந்துகொண்டே இருக்கிறது. 210 மி.லி. கப்புக்குச் சுவர் 210 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்), அடி 190 ஜிஎஸ்எம் வைத்தால் ஒரு கப் சுமார் 4.6 கிராம் வரும். இழையின் ஓட்டம் கப்பின் உயரவாக்கில் இருக்க வேண்டும். காகிதம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் நீளும். விளிம்பை வெளியே சுருட்டும்போது சுற்றளவு பெருகுவதால் அந்த நீட்சி தேவை. மாற்றி வெட்டினால் விளிம்பில் கீறல் விழும்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி பூச்சைப் பற்றியது. வழக்கமான கப்பின் உள்ளே இருப்பது பாலிஎத்திலீன், ஏறக்குறைய 0.02 மி.மீ. கனத்தில். 110 டிகிரி சுற்றுவட்டாரத்தில்தான் இளகும் என்பதால் காபியைத் தாங்கும். நீரைத் தடுப்பதும் அதுவே, ஒட்டுவதும் அதுவே. ஆனால் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளுக்கு இங்கே 2019 ஜனவரி 1 முதல் தடை. தயாரிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது. காகிதத்தோடு இறுகிய அந்தப் படலத்தைச் சாதாரண மறுசுழற்சியில் பிரித்தெடுக்க முடியாது. வடசென்னையில் குடியிருப்பவர்களுக்கு அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பக்கத்திலேயே இருக்கிறது. படலத்திலிருந்து துகள் கழல்வது வேறு கவலை: 85–90 டிகிரி வெந்நீர் 100 மி.லி. 15 நிமிடம் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாக ஐஐடி காரக்பூர் ஆய்வு காட்டியது.

பாலிஎத்திலீனை எடுத்துவிட்டால் தடுப்பு, பசை இரண்டும் சேர்ந்தே போகின்றன. நீரில் கலந்து பூசும் தடுப்புப் பூச்சு ஒரு மாற்று. அதிலும் பாலிமர் உண்டு என்பதால் 'பிளாஸ்டிக் இல்லை' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படுவதற்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சான்று கட்டாயம். மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான கிண்டி சிப்பெட்டில் அதற்கான சோதனை உண்டு. நீர்வழிப் பூச்சுக்கு இரண்டு குணங்கள். ஒட்டும் சூட்டின் இடைவெளி குறுகியது: கொஞ்சம் குறைந்தால் பிடிக்காது, கொஞ்சம் கூடினால் கருகும். மே மாதத்தில் கிடங்கில் கட்டுக்கட்டாக அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டியும் கொள்ளும். ராயபுரம், திருவொற்றியூர் மாதிரிக் கடலோரத்தில் காற்றின் ஈரம் வேறு. கட்டைப் பிரித்துவைத்தால் பூச்சில்லாத வெளிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து விரியும். பிளாங்க் சுருண்டு இயந்திர வாயில் சிக்கும். அன்றைக்கு ஓட்டும் கட்டை மட்டும் பிரியுங்கள்.

சூடு கையைச் சுடும் என்று கடைகளில் 'ரெண்டு கப்பா போட்டுக் கொடுங்க' என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. காகிதத்தின் பங்கு அதில் குறைவு. ஆனால் குப்பை இரட்டிப்பாகிறது. மேல் விளிம்பிலிருந்து 15 மி.மீ. காலியாக விட்டு ஊற்றினால் விரல் பிடிக்க அங்கே இடம் கிடைக்கும். நிரப்ப வேண்டிய மட்டத்தை முத்திரையின் மேல் விளிம்போடு பொருத்தி வடிவமைத்துவிட்டால் ஊற்றுபவருக்கும் அதுவே அடையாளம். வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து குடிப்பவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர்தான் சரி. இந்தக் கப் வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும்.

மாதிரி வந்ததும் பச்சைத் தண்ணீரில் சோதித்துவிட்டு ஒப்புதல் கொடுக்காதீர்கள். பாலின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு. தண்ணீர் நுழையாத சந்தில் பால் காபி நுழையும். ஓட்டத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று 20 கப் எடுத்து, 85 டிகிரி பால் காபி ஊற்றி, வெள்ளை டிஷ்யூ மேல் 30 நிமிடம் வையுங்கள். டிஷ்யூவில் ஒரே இடத்தில் கறை என்றால், பக்க ஒட்டு அடிமடிப்பைக் கடக்கும் முனையில் அழுத்தம் போதவில்லை. காகித அடுக்குகள் சேர்ந்து தடிப்பது அங்கேதான். வட்டமாகக் கறை என்றால் அடிச்சூடு குறைவு. டிஷ்யூ காய்ந்திருக்க, ஒட்டை ஒட்டி மேலிருந்து கீழே பழுப்புக் கோடு மட்டும் இறங்கினால் இயந்திரத்தில் குறையில்லை, காகிதத்தை மாற்றுங்கள்.