தூண்டில் போடும் பெரியவர்களுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு: பணம் எங்கெல்லாம் கைநழுவுகிறது?

கொள்ளிடத்திலோ வெண்ணாற்றிலோ தூண்டில் போடப் போன பெரியவர் தண்ணீரில் தவறி விழுந்து இறந்துவிட்டால், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாதான் அது. மீனவராக இருக்க வேண்டியதில்லை. வருமானச் சான்று, மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. 18 முதல் 70 வயதுக்குள் இருந்து, வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் சேரலாம். 2015-ல் வந்த திட்டம். 12 ரூபாயாக இருந்தது 2022 ஜூனில் 20 ஆனது. வரலாறு இது போதும். கிடைக்க வேண்டிய இந்தப் பணம் கிடைக்காமல் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவை ஏன் இழந்தன என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "மீன் பிடிக்கப் போய்த்தானே இறந்தார், மீன்வளத்துறையில் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மீனவர்களுக்கு மத்திய, மாநில அரசுகளே பிரீமியம் கட்டும் குழு விபத்துக் காப்பீடு உண்மையிலேயே இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம். ஆனால் அது துறையின் பட்டியலில் பெயர் உள்ள மீனவருக்கு. உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து, மீன் விற்றே பிழைப்பவர் என்றால் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், இந்த வருடப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று உயிரோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நடவு, அறுப்பு, நூறு நாள் வேலை என்று போய்விட்டு, ஓய்ந்த நேரத்தில் மண்புழுவும் மூங்கில் கழியும் எடுத்துக்கொண்டு நாலு கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் உட்காருகிற பெரியவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவருக்கு இந்த 20 ரூபாய்தான்.

அடுத்தது வயது. ஆதாரில் உள்ள பிறந்த தேதிதான் கணக்கு. முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது பல பெரியவர்கள் குத்துமதிப்பாக ஒரு வயதைச் சொன்னார்கள். ஓட்டர் அட்டையில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று என்று கிடக்கும். முதியோர் உதவித்தொகைக்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கூடுதல் வயது இங்கே எதிராகத் திரும்பும். உண்மையில் 66 வயதானவர் காகிதத்தில் 70-ஐத் தாண்டியிருப்பார். திருத்த நினைத்தால் இப்போதே திருத்துங்கள். விபத்துக்குப் பிறகு திருத்திய ஆதாரை யாரும் ஏற்க மாட்டார்கள்.

70 தாண்டிவிட்டால் இந்தக் காப்பீடும் இல்லை, மீனவர் குழுக் காப்பீடும் இல்லை. முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து சில சமயம் உதவி அறிவிப்பார்கள், ஆனால் அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆகவே அந்த வயதுக்காரர்கள் ஆற்றில் எங்கே உட்காருகிறார்கள் என்பதை வீட்டில் உள்ளவர்கள் கவனித்தே ஆக வேண்டும். ஷட்டருக்குக் கீழே மீன் கூடும் என்று மதகடியில் போய் நிற்பார்கள். பாசி படிந்த சிமெண்ட் தளம் அது. ஷட்டரைத் தூக்கினால் ஏறி வர நேரம் இருக்காது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் அளவு என்று நடந்தால் அடுத்த அடியில் ஆள் மூழ்கிவிடும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வரும்போது முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவார்கள். இங்கே வெயில் காயும், மழை குடகில் பெய்திருக்கும். நடு ஆற்று மணல் திட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. தண்டோரா போட்டாலும் வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை வந்தாலும், காது மந்தமானவருக்கும் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனவருக்கும் எட்டாது. யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போக விடாதீர்கள். தனியாகவும் விடாதீர்கள். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனில் ஒரு கயிற்றைக் கட்டிக் கையோடு கொடுத்து அனுப்புங்கள். யாராவது விழுந்தால் அதைத்தான் வீச வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன சம்பவங்கள் நம் ஆறுகளில் ஏராளம்.

சரி, 70-க்குள் இருப்பவர்களுக்கு வருகிறேன். காப்பீட்டு வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. புதுப்பிக்கும் பணத்தை மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகவே எடுப்பார்கள். அப்போது கணக்கில் 20 ரூபாய் இல்லை என்றால் காப்பீடு போய்விட்டது. யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆற்றில் தண்ணீர் வருவதற்குச் சில நாள் முன்பு காப்பீடு அறுந்துபோவது டெல்டாக்காரருக்கு எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். உதவித்தொகை வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் மே மாதம் மட்டும் நூறு ரூபாயாவது விட்டுவையுங்கள். ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கில் பதிவு போட்டு, 20 ரூபாய் பிடித்த வரியைக் கண்ணால் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே மறுபடி படிவம் கொடுத்துச் சேரலாம். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி என்ற வேறு திட்டம். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு வங்கியில் 20, 20 பிடித்தாலும் பணம் ஒரு தடவைதான் வரும்.

நாமினி பெயரையும் அதே நாளில் பாருங்கள். 2015-ல் சேர்ந்தபோது மனைவி பெயரைக் கொடுத்திருப்பார். அந்த அம்மா காலமாகி வருடக்கணக்காகியிருக்கும், படிவம் அப்படியே இருக்கும். அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அலைய வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனும் திருமணமாகிப் போன மகளும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உயிரோடு இருக்கும்போது நாமினியை மாற்றுவது ஒரு படிவம்தான். இனிஷியலையும் சரிபாருங்கள். பாஸ்புக்கில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, இறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம் என்று இருந்தால் அதற்கே தனி அலைச்சல்.

அதிகமான குடும்பங்கள் இழப்பது அந்த முதல் நாளில். உடலைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். "வயசானவரு, எதுக்குப் போஸ்ட்மார்ட்டம், உடம்பைக் கிழிக்கணுமா?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். சில இடங்களில் காவல் நிலையத்திலேயே, "கேஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். நீரில் மூழ்கிய இறப்பு என்றால் போலீசில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது திட்ட விதி. முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கடைசிவரை கொடுக்காமல் பணம் கைக்கு வராது. எரித்த பிறகு அந்த அறிக்கையைப் பெற வழியே இல்லை.

ஆளைக் காணோம் என்றதும் 112-க்குச் சொல்லிவிட்டு உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். கொள்ளிடம் பல இடங்களில் மாவட்ட எல்லை. திருமானூர்ப் பக்கம் உடல் ஒதுங்கினால் அது அரியலூர் மாவட்டம், இக்கரை தஞ்சாவூர். உடல் கிடைத்த இடத்து நிலையம்தான் விசாரணை நடத்தும். இந்த நிலையத்துக்கும் அந்த நிலையத்துக்கும் அலைய விட்டால், கொடுத்த புகாரின் நகலோடு கிராம நிர்வாக அலுவலரை அங்கேயே வரச் சொல்லுங்கள்.

விசாரணையில் என்ன சொல்கிறீர்கள் என்பது மிக முக்கியம். பார்த்ததைச் சொல்லுங்கள், யூகத்தைச் சொல்லாதீர்கள். "சுகர் இருக்கு, மயக்கம் வந்து விழுந்திருப்பாரு" என்று துக்கத்தில் யாரோ சொல்வது அப்படியே வாக்குமூலத்தில் ஏறிவிடும். மாரடைப்பு போல நோயால் வரும் இறப்பு விபத்தில் சேராது என்பதால் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். காரணத்தை மருத்துவர் எழுதட்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கரையில் பாம்பு கடித்த கேஸ் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டுதான் ஆதாரம். மந்திரிக்கக் கூட்டிப்போனால் உயிரும் போகும், காகிதமும் இருக்காது.

படித்துறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் இந்தத் திட்டம் ஒரு பைசா தராது. கண், கை, கால் நிரந்தரமாக இழந்தால் மட்டும்தான் பணம். எலும்பு முறிவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக வங்கி. விபத்து நடந்து 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவம் கொடுக்கச் சொல்கிறார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வரவே அதைவிட நாளாகும். உள்ளுறுப்பை ஆய்வுக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும். "எல்லாக் காகிதமும் வந்த பிறகு வாங்க" என்பார் கவுண்டரில் இருப்பவர். அதை நம்பித் திரும்பி வந்தவர்களிடம்தான் பிறகு "தாமதமாகிவிட்டது" என்று சொல்லப்படுகிறது. இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை என்று கையில் இருப்பதை வைத்தே படிவத்தைக் கொடுங்கள். மீதி பின்னால் தரப்படும் என்று ஒரு கடிதம் இணையுங்கள். நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் கிளை மேலாளருக்கு அனுப்புங்கள்; அந்த ரசீதே உங்கள் ஒப்புகை. எழுத்தில் புகார் கொடுத்தும் 30 நாளில் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை. 14448-க்கு அழைத்தால் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். புகாரில் பெரியவரின் கணக்கு எண், 20 ரூபாய் பிடித்த தேதி, படிவம் கொடுத்த தேதி மூன்றையும் எழுதி, பாஸ்புக் பக்கத்தின் நகலையும் முத்திரை போட்ட நகலையும் இணைத்துவிடுங்கள்.